கோடோ 4: ராத்திரியில் கேம் செய்யும் ஒரு டிடிபி கடைக்காரியின் விமர்சனம்

கேம் செய்யப் பழக எந்த சாஃப்ட்வேர் போடலாம் என்று கேட்டால் நான் சொல்வது கோடோ 4. விலை கிடையாது, ராயல்டி கிடையாது, கணக்குத் தொடங்கி லாகின் பண்ணச் சொல்லும் தொல்லையும் கிடையாது. இவையெல்லாம் நல்லதுதான். ஆனால் நான் இதைக் கையில் எடுத்ததற்குக் காரணம் வேறு. தமிழ் எழுத்தைக் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் என்று சிதைக்காமல் காட்டுகிறது. தமிழ் எழுத்தோடு மல்லுக்கட்டியே பிழைப்பு நடத்துகிறவளுக்கு அது சின்ன விஷயமில்லை.

கிருஷ்ணகிரியில் ஐந்து ரோடு ரவுண்டானாவிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து ஃப்ளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பாலிடெக்னிக் பையன்களின் புராஜெக்ட் ரிப்போர்ட், எல்லாம் உண்டு. ஷட்டரைப் பாதி இறக்கின பிறகுதான் கேம். ஸ்பைரல் பைண்டிங்குக்குக் காத்திருக்கும் பையன்கள் என் திரையில் பல்லாங்குழி ஓடுவதைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது நீங்களே செஞ்சதா?" என்பார்கள். அடுத்த கேள்வியும் தவறாமல் வரும்: "ஃப்ரீ ஃபயர் மாதிரி ஒண்ணு செய்யணும்னா எத்தனை மாசம் ஆகும்க்கா?" அந்தப் பையன்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பொழுதுபோக்காகச் செய்ய நினைப்பவர்களுக்கு மட்டும். வேலைக்காக என்றால் என் பதில் வேறு, அதைக் கடைசிக்குப் பக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் கோடோ எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி. அர்ஜென்டினாவில் ஹுவான் லினியெட்ஸ்கி, ஏரியல் மான்சூர் என்ற இருவர் தங்கள் வேலைக்காக எழுதி வைத்திருந்த இன்ஜின், அதாவது கேம் செய்ய உதவும் சாஃப்ட்வேர், இது. 2014இல் எம்ஐடி உரிமத்தில் பொதுவில் திறந்துவிட்டார்கள். அந்த உரிமத்தின்படி நீங்கள் செய்த கேமை விற்றுச் சம்பாதித்தாலும் யாருக்கும் பங்கு தர வேண்டாம். 4.0 பதிப்பு 2023 மார்ச்சில் வந்தது. அதற்குப் பிறகு வந்த 4.3, 4.4 எல்லாம் அதே வரிசை.

இன்ஸ்டால் என்று சொல்வதற்கே ஒன்றுமில்லை. ஜிப் ஃபைல் 100 எம்பிக்குள் அடங்கும். பிரித்தால் எக்ஸி கிடைக்கும். டபுள் கிளிக் செய்தால் திறந்துகொள்ளும். நான் அதைப் பென் டிரைவில் போட்டுக் கடைக்கும் வீட்டுக்கும் எடுத்துப் போகிறேன். செய்துகொண்டிருக்கும் கேமும் ஒரு சாதாரண ஃபோல்டர்தான், கூடவே வந்துவிடும். தினம் ஒன்றரை ஜிபி பேக்கில் காலம் தள்ளும் பையனுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று யூனிட்டி, அன்ரியல் போன்ற பெரிய இன்ஜின்களின் டவுன்லோட் அளவைப் பார்த்தால் தெரியும். அங்கே கணக்கு ஜிபியில்தான் ஆரம்பிக்கும். கோடோவிலும் ஒரு இடத்தில் ஜிபி வரும்: கேமை முடித்து வெளியே எடுக்க 'எக்ஸ்போர்ட் டெம்ப்ளேட்' என்று ஒன்று வேண்டும், அது ஏறக்குறைய ஒரு ஜிபி. ஆனால் அது கேம் ஒரு உருவத்துக்கு வந்த பிறகு தேவைப்படுவது. முதல் நாளே அதை இறக்கி நெட்டைத் தீர்க்க வேண்டாம்.

லேப்டாப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். புது புராஜெக்ட் திறக்கும்போதே ஃபார்வர்ட் பிளஸ், மொபைல், காம்பேட்டிபிலிட்டி என்று மூன்று ரெண்டரர் (படத்தைத் திரையில் வரையும் முறை) காட்டும். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினா, கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவதைத் தேர்ந்தெடுங்கள். டூ-டி கேமுக்கு அதுவே தாராளம். கேமை பிரவுசரில் ஓடும்படி எடுக்கும் வெப் எக்ஸ்போர்ட்டுக்கும் அதுதான் கைகொடுக்கும். அதிலும் திறக்க மறுக்கிற அளவுக்குப் பழைய லேப்டாப் என்றால், ப்ளஸ் டூவில் அரசு கொடுத்ததை அண்ணன் ஓட்டி, பிறகு தம்பி ஓட்டி, இப்போது மூணாவது கைக்கு வந்திருக்குமே, அந்த ரகம், 3.6 பதிப்பை முயன்று பாருங்கள். 2024 செப்டம்பரில் வந்தது. கிராஃபிக்ஸுக்கு ஓப்பன்ஜிஎல் 2.1 என்ற பழைய தரம் இருந்தால்கூட ஓடும். வெறும் ஃபோன்தான் இருக்கிறது என்பவர்களுக்கு ஆண்ட்ராய்டிலேயே ஓடும் கோடோ எடிட்டரும் இருக்கிறது. ஆறு இன்ச் திரையில் அதில் வேலை செய்ய ரொம்பப் பொறுமை வேண்டும். டேப்லெட்டும் ஒரு புளூடூத் கீபோர்டும் இருந்தால் சமாளிக்கலாம்.

இனி தமிழ். கேம் இன்ஜின்களில் தமிழர்கள் வழக்கமாக முட்டிக்கொள்ளும் இடம் இது.

'கொடி' என்று யூனிகோடில் அடித்தால் கம்ப்யூட்டருக்குள் போவது க, அதன் பின்னால் ஒகரக் குறி. திரையில் வரும்போது அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து கொம்பு க-வுக்கு முன்னாலும் கால் பின்னாலும் போய் நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்ய இன்ஜினுக்குள் தனி ஏற்பாடு வேண்டும். கோடோ 4இல் அது இருக்கிறது, ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்தை உள்ளேயே வைத்திருக்கிறார்கள். எழுத்தைக் காட்டும் லேபிளில் தமிழை ஒட்டினால் பத்திரிகையில் அச்சான மாதிரி வருகிறது. 3.6இல் இது கிடையாது. பழைய லேப்டாப்பில் 3.6 போட்டவர்களுக்குக் கொம்பும் காலும் இடம் மாறித்தான் தெரியும்.

அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறேன், இது டிடிபிக்காரர்களுக்கு மட்டும் சட்டென்று தோன்றும் வழி. பாமினி. அந்தக் காலத்து ஃபாண்டுகள் ஆங்கில எழுத்தின் தலையில் தமிழ் எழுத்தை ஏற்றி வைத்தவை. 'அம்மா' என்று வர எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று அடிப்போம். கொம்பு வேண்டுமானால் கொம்பை முதலில் அடிப்போம், பிறகு எழுத்து, பிறகு கால். கண்ணுக்குத் தெரியும் வரிசையும் உள்ளே இருக்கும் வரிசையும் ஒன்றேதான், எனவே இன்ஜின் எதையும் இடம் மாற்ற வேண்டியதில்லை. யூனிகோடு வந்ததும் நாம் மூட்டை கட்டிப் பரணில் போட்ட பாமினி, 3.6இல் அழகாக வேலை செய்கிறது. ஃபாண்டின் உரிமத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். டிடிபி கடைகளில் சுற்றும் எல்லா ஃபாண்டும் இலவசம் கிடையாது.

கோடோ 4இலும் தமிழுக்கு ஒரு பொறி உண்டு. உங்கள் விண்டோஸ் மெஷினில் நீங்கள் எந்தத் தமிழ் ஃபாண்டும் சேர்க்காவிட்டாலும் எழுத்து வரும். சிஸ்டத்தில் இருக்கும் தமிழ் ஃபாண்டை இன்ஜின் தானாகவே எடுத்துக்கொள்வதால் அப்படி. அதை நம்பி பிரவுசரில் ஓடும் கேமாக ஏற்றினால் தமிழ் இருந்த இடமெல்லாம் கட்டம் கட்டமாக நிற்கும், பிரவுசரில் அந்தச் சிஸ்டம் ஃபாண்டை எடுக்க முடியாது. நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபாண்டை இறக்கி ஃபோல்டருக்குள் போட்டு, அதையே தீமின் (கேமின் மொத்தத் தோற்ற அமைப்பு) இயல்பு ஃபாண்டாக வைத்துவிடுங்கள். இலவசம், ஓப்பன் ஃபாண்ட் உரிமம். இந்த வேலையை முதல் நாளே முடித்துவிட்டால் பின்னால் தலைவலி இல்லை.

வார்த்தை விளையாட்டு செய்யும் எண்ணம் இருந்தால் இன்னொன்று. 'அம்மா' எத்தனை எழுத்து என்று நம்மைக் கேட்டால் மூன்று. கோடோவைக் கேட்டால் ஐந்து என்னும், புள்ளியையும் காலையும் தனித்தனியாக எண்ணும். எனவே வார்த்தை கேமை முதல் கேமாக எடுக்காதீர்கள்.

பிறகு எதை எடுப்பது? திண்ணையில் ஆடினதை எடுங்கள் என்பது என் கட்சி. பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம், தாயம். யூடியூபில் எல்லோரும் குதித்து ஓடும் பொம்மையிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அதில் ஈர்ப்பு விசை, மோதல், அனிமேஷன், கேமரா எல்லாம் ஒரே நாளில் வந்து தலையில் விழும். எந்த மேடை எவ்வளவு உயரம், எதிரி எங்கே என்று நீங்களே யோசித்து வடிவமைக்கவும் வேண்டும். திண்ணை ஆட்டத்தில் விதியைப் பாட்டிமார்கள் ஏற்கெனவே சோதித்து முடித்துவிட்டார்கள். உங்களுக்கு மிச்சம் கோடு (நிரல்) எழுதும் வேலை மட்டும்.

பல்லாங்குழியையே பார்ப்போம். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து முத்து, மொத்தம் 70. கோடோவில் கேமைக் கட்டும் ஒவ்வொரு உறுப்புக்கும் நோட் என்று பெயர், அதில் கிரிட் கண்டெய்னர் என்று ஒன்று இருக்கிறது. 'காலம்ஸ்' (பத்திகள்) 7 என்று கொடுத்துப் பதினான்கு பட்டனைப் போட்டால் பலகை தயார். முத்துக் கணக்குக்குப் பதினான்கு இடமுள்ள ஒரு அர்ரே, அதாவது எண்களின் வரிசைப் பட்டியல். பட்டனை அழுத்தினால் அந்தக் குழியின் எண்ணிக்கையை ஒரு மாறியில் வாங்கி, குழியைப் பூஜ்யமாக்கி, அடுத்தடுத்த குழியில் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். கடைசிக் குழிக்குப் பிறகு முதல் குழிக்குத் திரும்ப, 14ஆல் வகுத்து மீதியை எடுத்தால் போதும்.

சிக்கல் எங்கே வரும் என்றால், கிரிட் மேல் வரிசையை இடமிருந்து வலமாக எண்ணும், கீழ் வரிசையையும் இடமிருந்து வலமாகவே எண்ணும். நம் கை அப்படிப் போகாது. கீழ் வரிசையில் வலப்பக்கம் போய், முனையில் மேலே ஏறி, இடப்பக்கம் திரும்பி வரும். இங்கேதான் நிறைய பேர் 'இது மேல் வரிசையாக இருந்தால், இது கடைசிக் குழியாக இருந்தால்' என்று இஃப் மேல் இஃப் அடுக்குவார்கள். வேண்டாம். அர்ரேவை கை போகும் வரிசையிலேயே வட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் குழியை எந்தப் பட்டன் காட்டுகிறது என்பதற்குத் தனியாக ஒரு சின்னப் பட்டியல் போடுங்கள்: மேல் வரிசை 13இலிருந்து 7 வரை இறங்கும், கீழ் வரிசை 0இலிருந்து 6 வரை ஏறும். ஆட்டம் ஒரு இடத்தில், அதைக் காட்டுவது வேறு இடத்தில். பெரிய கேம்களிலும் இந்தப் பிரிவினைதான் நிரலைக் காப்பாற்றும். பல்லாங்குழியில் அது ஒரு மாலைக்குள் புத்தியில் ஏறிவிடுகிறது.

பதினான்கு பட்டனுக்கும் பதினான்கு ஃபங்ஷன் எழுத வேண்டாம். ஒரே ஃபங்ஷனை எழுதி, பட்டன் அழுத்தப்பட்டதைச் சொல்லும் சிக்னலை இணைக்கும்போது 'பைண்ட்' போட்டுக் குழி எண்ணைச் சேர்த்து அனுப்பலாம். ஒவ்வொரு முத்தும் விழுவதைக் கண் பார்க்க வேண்டுமே, அதற்கு 'அவெய்ட்' (காத்திரு) போட்டு 0.2 விநாடி டைமர் வைத்தால் போதும். ஆனால் அந்த இடைவெளியில் பொறுமையில்லாத குழந்தை இன்னொரு குழியைத் தட்டும், இரண்டு கை ஒரே நேரத்தில் முத்துப் போட ஆரம்பித்து ஆட்டமே குழம்பிப் போகும். முத்து விழுந்துகொண்டிருக்கும் வரை எல்லாப் பட்டனையும் முடக்கி வையுங்கள். ஒவ்வொரு முறை முடிந்ததும் குழிகளில் இருப்பதையும் இரண்டு பேர் கையில் இருப்பதையும் கூட்டி 70 வருகிறதா என்று பிரிண்ட் செய்து பாருங்கள். 69 வந்தால் அந்த நொடியே தேடலாம். ஒரு வாரம் கழித்துத் தேடினால் கிடைக்காது.

கோடோவில் நிரல் எழுதும் ஜிடிஸ்கிரிப்ட் மொழி பைத்தான் சாடையில் இருக்கும். உள்தள்ளி எழுதுவதுதான் அதன் இலக்கணம். மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. 'குழி', 'முத்து' என்று நான் வைத்திருக்கிறேன். கீபோர்டைத் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற்றி மாற்றி அடிப்பதுதான் எரிச்சல், அதனால் முக்கியமான நாலைந்துக்கு மட்டும்.

படத்துக்கு அதிகம் சொல்ல மாட்டேன். பிஎன்ஜி, எஸ்விஜி இரண்டையும் எடுத்துக்கொள்ளும். எஸ்விஜியை இம்போர்ட் செய்யும்போதே பிக்சலாக மாற்றிவிடுவதால், பின்னால் இழுத்துப் பெரிதாக்கினால் மங்கும், இம்போர்ட் ஸ்கேலை முதலிலேயே கூட்டுங்கள். என் தொழில்காரர்கள் அச்சு மைக்கான சிஎம்ஒய்கே வண்ணக் கணக்கை மறந்துவிட்டு, திரைக்கான ஆர்ஜிபியில் வேலை செய்யவும். அடி, இன்ச் கணக்கும் இங்கே உதவாது. கோடோவின் இயல்புத் திரை 1152க்கு 648 பிக்சல். வரையத் தெரியாதவர்களுக்குக் கென்னி தளத்தில் ஆயிரக்கணக்கில் படங்கள் இருக்கின்றன, சிசி0 உரிமம், பெயர்கூடப் போட வேண்டாம். கூகுளில் தேடி எடுத்து ஒட்டாதீர்கள். ஃப்ளெக்ஸில் எவர் படத்தை எடுத்துப் போட்டாலும் எங்களை யாரும் கேட்பதில்லை. கேமை ஆன்லைனில் ஏற்றினால் கேட்பார்கள். சினிமாப் பாட்டுக்கும் இதேதான்.

சத்தத்துக்கு நான் காசு செலவு செய்யவே இல்லை. புளியங்கொட்டையை மரப்பலகைக் குழியில் போட்டு ஃபோனில் ரெக்கார்ட் செய்து, சத்தத்தைத் திருத்தும் ஆடாசிட்டி சாஃப்ட்வேரில் முன்னும் பின்னும் வெட்டி, வேவ் ஃபைலாக வைத்தேன். ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் காது வலிக்கும், பிட்ச்சைச் சின்னதாக ஏற்றி இறக்கிவிட்டால் ஒவ்வொரு கொட்டையும் தனித்தனியாக விழுவது போலக் கேட்கிறது. சோழியைவிடப் புளியங்கொட்டைச் சத்தம் நன்றாக இருக்கிறது என்பது என் கருத்து, வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

குறை? இருக்கிறது. 3இலிருந்து 4க்கு வந்தபோது பாதிப் பெயர்களை மாற்றிவிட்டார்கள். கைனமாட்டிக் பாடி என்றிருந்தது கேரக்டர் பாடி ஆனது, 'ஈல்ட்' போய் 'அவெய்ட்' வந்தது, 'ஆன்ரெடி'க்கு முன்னால் அட் குறி முளைத்தது. டைல் மேப்பும் 4.3இல் டைல் மேப் லேயர் ஆகிவிட்டது. யூடியூபில் பழைய வீடியோ நிறைய. அதைப் பார்த்து அப்படியே அடித்தால் சிவப்பு சிவப்பாக எர்ரர் வரும், புதியவர்கள் தங்களுக்குத்தான் மூளையில்லை என்று நினைத்து மூடி வைத்துவிடுவார்கள். வீடியோவை ஓட்டுவதற்கு முன் பதிப்பு எண்ணைப் பாருங்கள், 4 இல்லாவிட்டால் நகருங்கள். ஏஐயிடம் கோடு கேட்டாலும் இதே கதை, 3இன் பாதியும் 4இன் பாதியும் கலந்து கொடுத்துவிடும். கோடோவின் சொந்த ஆவணத்தில் 'முதல் டூ-டி கேம்' என்று ஒரு பாடம் இருக்கிறது. ஆங்கிலம் எளிமையானது, பதிப்போடு சேர்த்துப் புதுப்பிக்கிறார்கள். ஆரம்பிக்க அது ஒன்று போதும். அதை முடிக்காமல் இன்னொரு பாடத்துக்குத் தாவுகிறவர்கள் வருஷக்கணக்கில் பாடம் மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மற்ற குறைகள்: பெரிய த்ரீ-டி உலகம் கட்ட அன்ரியல் அளவுக்குச் சௌகரியமில்லை. சி ஷார்ப் மொழியில் எழுதினால் கோடோ 4இலிருந்து வெப்புக்கு எடுக்க முடியாது, ஜிடிஸ்கிரிப்ட்டிலேயே இருங்கள். பெங்களூரு கேம் கம்பெனியில் வேலை வாங்குவதுதான் குறி என்றால் யூனிட்டி அல்லது அன்ரியல் படிப்பது புத்திசாலித்தனம், ஆட்களை அதற்குத்தான் அதிகம் தேடுகிறார்கள். யூனிட்டி 2023 செப்டம்பரில் ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் கட்டணம் என்று அறிவித்து, உலகம் முழுக்க எதிர்ப்பு வந்து, 2024 செப்டம்பரில் அதைக் கைவிட்டது. அந்த நேரத்தில் கோடோ பக்கம் வந்தவர்கள் நிறைய. பொழுதுபோக்குக்காரர்களுக்கு அந்தக் கட்டணம் எட்டியே பார்த்திருக்காது என்பது வேறு விஷயம். வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருந்தால் கோடோவும் வேண்டாம், ஸ்கிராட்ச் போடுங்கள், பிரவுசரிலேயே ஓடும்.

ஃப்ரீ ஃபயர் கேட்ட தம்பிக்கு இங்கேயே பதில். நூறு பேர் சேர்ந்து வருஷக்கணக்கில் செய்வதை நீ தனியாகத் தொடங்கினால் மேப்பில் ஒரு மரம் நட்டு, ஒரு துப்பாக்கி வரைந்து, அதோடு நிற்கும். ஆன்லைனில் பத்துப் பேர் சேர்ந்து ஆடுவது, கதை சொல்வது, காசுக்கு ஸ்கின் விற்பது, இந்த மூன்றையும் முதல் கேமின் பக்கமே விடாதே. மெனு, ஆட்டம், ஜெயித்தால் ஒரு திரை, மறுபடி ஆட ஒரு பட்டன். இந்த நாலும் உள்ள கேமைக் கடைசி வரை முடித்தவன், முடிக்காத பத்து கேம் வைத்திருப்பவனைவிட அதிகம் கற்றிருப்பான்.

முடித்ததை எங்கே போடுவது? பிளே ஸ்டோர் என்றுதான் எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். ஒரே ஒரு முறை 25 டாலர் கட்ட வேண்டும். அதைக்கூடக் கட்டிவிடலாம். 2023 நவம்பர் 13க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்குகளுக்கு, பன்னிரண்டு பேர் தொடர்ந்து 14 நாள் சோதனைக் குழுவில் இருந்த பிறகுதான் வெளியிட விண்ணப்பிக்கவே முடியும். ஆண்ட்ராய்டுக்கு எக்ஸ்போர்ட் செய்ய ஜேடிகே, ஆண்ட்ராய்டு எஸ்டிகே, கையெழுத்துச் சாவி என்று அது ஒரு தனிப் படலம். கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் கேமுக்கு 100 டாலர். முதல் கேமுக்கு இதெல்லாம் அநாவசியம். இட்ச் (itch.io) என்ற கேம் தளத்தில் இலவசமாகப் போடலாம். வெப்புக்கு எக்ஸ்போர்ட் செய்து, முதன்மை ஃபைலுக்கு இண்டெக்ஸ் என்று பெயர் வைத்து, ஜிப் பண்ணி ஏற்றினால் லிங்கைத் தட்டினவுடன் பிரவுசரில் ஓடும். 4.3 முதல் த்ரெட் (ஒரே நேரத்தில் பல வேலையை ஓட்டும் ஏற்பாடு) இல்லாமல் எக்ஸ்போர்ட் செய்யும் வசதி வந்திருக்கிறது. அதை அப்படியே வைத்துக்கொண்டால் ஐஃபோனிலும் சிக்கல் குறைவு.

லிங்கைக் குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள். எப்படி ஆடுவது என்று விளக்காதீர்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்று பாருங்கள். காவேரிப்பட்டணத்திலிருக்கும் என் பெரியம்மாவுக்குக் குழி சின்னதாக இருந்தது, விரல் பக்கத்துக் குழியில் பட்டது. பட்டனின் மினிமம் சைஸைக் கூட்டினேன். அடுத்த நாள் வாய்ஸ் மெசேஜ்: "நாலு சேர்ந்தா பசு, அத உடனே எடுக்கணும்டி. உன் ஆட்டத்துல யாரும் எடுக்கலையே?" எங்கள் வீட்டில் பசு எடுக்காமல்தான் ஆடுவோம், அம்மா வழிப் பாட்டி சொல்லிக்கொடுத்த முறை அது. பெரியம்மா ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது ஆட்டம் தொடங்கும் திரையில் 'பசு உண்டு' என்று ஒரு டிக் பாக்ஸ் இருக்கிறது.